தறியை நிறுத்தச் சொன்னவள்

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. தறியை நிறுத்தச் சொன்னாள்.

பிள்ளையார்பாளையத்தில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். அமாவாசைக்குத் தறி நிற்கும். தெருவில் சாவு விழுந்தால் நிற்கும். மற்றபடி மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தாலும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சம்பந்தம் பேச வேண்டும். என் கல்யாணம் அப்படித்தான் முடிவானது. பெண்ணுக்கு என்ன வயது என்று அவர்கள் கேட்டதும், எங்கள் அப்பா சொன்ன பதிலும் இன்றுவரை யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அது கிடக்கட்டும்.

என் மகன் ஏகாம்பரம் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி அவளையே பார்த்தான்.

"நிறுத்திட்டு?" என்றான்.

"நிறுத்திட்டு கொஞ்சம் பேசாம இருங்கண்ணா. கேக்கணும்."

கம்ப்யூட்டர் பெட்டி தறிக்குப் பக்கத்தில், தறிச் சட்டத்தோடு ஒட்டின ஒரு பலகைமேல் இருந்தது. அவள் மண்டியிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் விலாவில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

"இன்னொரு தறி ஓடுதே. அதையும் நிறுத்தணும்."

அது பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தின் தறி. நான்தான் போனேன்.

"இன்னா பெரிம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பயந்து எழுந்துவிட்டான்.

"கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியில்லடா. நாடி பாக்கறாங்க. உன் தறி சத்தம் நடுவுல வருதாம்."

"நாடியா? பத்தியம்கூட சொல்வாங்களா?" என்று சிரித்துக்கொண்டே நிறுத்தினான்.

நான் திரும்பி வந்தபோது வீடு அப்படியே அடங்கியிருந்தது. அவள் என்னைக் கையாட்டிக் கூப்பிட்டாள். "ஆயா, நீங்களும் காத வைங்க." எனக்குக் குஷி தாங்கவில்லை. வைத்தேன். உள்ளே யாரோ கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நடுவில் பல்லி சொல்வதுபோல் டிக், டிக். அப்புறம் மூச்சைப் பிடித்த மாதிரி ஒரு நிறுத்தம். மறுபடி உருட்டல். "நல்லாத்தான கீது!" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்த டிக் வரக்கூடாது ஆயா. இன்னிக்கே போயிடும்னு வச்சிக்குங்க" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. மழை மேகம் வந்தால், ஸ்கூட்டர் டயரைப் பார்த்தால், பால் பாக்கெட் கொஞ்சம் உப்பியிருந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் எல்லோரும் கம்ப்யூட்டர்க்காரம்மா என்றுதான் சொன்னோம். கூரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை. அங்கே இப்போது ஜூஸ் விற்கிறார்கள். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதிருக்கும். சுடிதாருக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்பாள், பாக்கெட்டுக்காக. அந்தப் பாக்கெட்டுகளில் எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு திருப்புளி, இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு பேனா. ஸ்கூட்டர் சாவி ஒன்று கையில், இன்னொன்று உள்ளே ஊக்கு போட்டுக் குத்தியிருக்கும்.

தணிகாசலத்துக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, "எல்லாம் ரெண்டு ரெண்டு வச்சிக்கினு கீறீங்களே, வூட்டுக்காரரும் ரெண்டா?" என்று கேட்டுவிட்டான்.

அவள் ஏதோ ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "அது ஒண்ணுதான்ணா வச்சிருந்தேன். போயிட்டாரு."

தணிகாசலம் அன்றைக்குச் சாயங்காலம் வரை பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயில் வரிசையில் அவளைப் பார்த்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாள். வரிசை நகர நகர போனை எடுத்து, மகளிடம் கேஸ் மூடியிருக்கிறதா பார்க்கச் சொன்னாள். மகள் பார்த்துவிட்டேன் என்றிருப்பாள்போல. அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடி போன். அம்மன் முகம் தெரிகிற இடத்துக்கு வந்ததும் வரிசையை விட்டு வெளியே போய்விட்டாள். நான் தரிசனம் முடித்து, பிரகாரம் சுற்றி, குங்குமம் வாங்கி, எதிர்வீட்டுப் பாக்கியத்தோடு ஒரு பாடு பேசிவிட்டு வெளியே வருகிறேன், இவள் வரிசையின் கடைசியில் நிற்கிறாள்.

"இன்னாம்மா, கேஸ் தொறந்து இருந்துதா?"

"மூடித்தான் இருந்துச்சு ஆயா" என்றாள், ஏதோ துக்கச் சேதி சொல்வது மாதிரி.

சிரிப்பு வரும். ஆனால் அவள் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, என்னைத் தவிர. அதையும் சொல்லிவிடுகிறேன். பேத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். 'விஷயத்துக்கு வா ஆயா' என்கிறாள்.

என் மருமகள் கனகா கம்ப்யூட்டரில் புடவை டிசைன் வரைகிறவள். கட்டம் கட்டமாக வரைவாள். ஒரு கட்டம் ஒரு இழைக்குச் சமானம். அது முடிந்ததும் அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டைதான் தறிமேல் ஏறி எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்லும். அதுவரை கனகா மற்றவர்கள் கேட்டதைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்று வரைந்தாள். எட்டு மாசம். உடம்பும் பார்டரும் அட்டை குத்தி, புடவை தறியில் பாதி ஏறிவிட்டது. அடுத்த மாசம் முகூர்த்தத்துக்கு அதைக் கட்டிக்கொள்ள வேண்டிய பெண் இரண்டு தடவை வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். முந்திக்கு மட்டும் இன்னும் அட்டை குத்தவில்லை. முந்தி முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"இன்னொரு காப்பி எங்க வச்சிருக்க?" என்று கேட்டாள் கம்ப்யூட்டர்க்காரம்மா.

கனகா தரையைப் பார்த்தாள். "இல்லக்கா."

"பென் டிரைவ்ல?"

"இல்ல."

"மெயில்லயாவது?"

"எதுலயும் போடலக்கா. போட்டா வெளிய போயிடும்."

அதுதான் எங்கள் ஊர். ஒரு பூவோ பறவையோ வெளியே தெரிந்தால் மறுநாள் நாலு தெருவில் நாலு தறியில் ஓடும். எங்கள் வீட்டுக்காரர் காலத்தில் டிசைன் காகிதத்தை அரிசிப் பானைக்குள் வைப்பார். நானே கனகாவிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு கண்ணுக்குக் காட்டாதே என்று. பெட்டியைத் தறிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னதும் நான்தான். தொழில் சாமான் தொழிலோடு இருக்கட்டும் என்றேன். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் அப்பியதும் நானே. காற்றுப் போகிற ஓட்டை என்று யாருக்குத் தெரியும்? நெற்றி மாதிரி இருந்தது, அப்பினேன்.

அவள் அந்தச் சந்தனத்தை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டே சொன்னாள். "காப்பி எடுத்தா திருடிடுவாங்கன்னு உனக்கு பயம். எடுக்கலன்னா தொலஞ்சிடும்னு எனக்கு பயம். உன் பயத்துக்காவது பூட்டு போடலாம். என் பயத்துக்கு இன்னா போடறது?"

பிறகு பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் யாரும் எனக்கு எதையும் விளக்க மாட்டார்கள். அவள் எனக்குத்தான் முதலில் விளக்குவாள். "ஆயா, இது பழைய டிஸ்க். இதுக்குள்ள ஒரு தட்டு சுத்திக்கினே இருக்குது. மேல ஒரு முள்ளு. எது வேணுமோ அங்க முள்ளு போயி நிக்கணும், தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும். அதான் உங்க கம்ப்யூட்டரு இவ்ளோ சோம்பேறி. முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவுல மயிரிழைகூட எடமில்ல. நீங்க பக்கத்துல ஒக்காந்து தறிப் பலகைய டமார் டமார்னு அடிச்சிக்கினு கீறீங்க."

"ஐயையோ" என்றான் ஏகாம்பரம்.

"இது புதுசு." உள்ளங்கையில் ஒரு தகடு. சீட்டுக்கட்டைவிட மெல்லிசு. குலுக்கினாள், சத்தம் வரவில்லை. "எஸ்எஸ்டி. இதுக்குள்ள தட்டும் இல்ல, முள்ளும் இல்ல. எதுவும் ஓடாது. தேடிப் போறதே கெடையாது, கேட்டவுடனே குடுக்கும். நீங்க தறிமேலயே கட்டினாலும் ஒண்ணும் ஆவாது. பழசுல இருக்கறத அப்படியே இதுக்கு மாத்தணும். மாத்தற வரைக்கும் அது தாங்கணும்."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. நான் நாற்பது வருஷம் பாவு பிணைத்தவள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். பழைய பாவு தீர்ந்துபோகும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்போம். ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்று தப்பினால் பூ கோணிக்கொள்ளும். அதைச் சொன்னேன். அவள் முகம் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் இளகியது.

"அப்ப உங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சிவப்பு நூல் இருக்குதா ஆயா? பச்சையும்?"

பட்டு வீட்டில் அது ஒரு கேள்வியா? கொண்டுவந்தேன். பழைய டிஸ்க்கைக் கூடத்து ஓரத்தில், தறியிலிருந்து தள்ளி, நாலாய் மடித்த போர்வைமேல் வைத்து அதற்குச் சிவப்பு நூல் கட்டினாள். புதுசுக்குப் பச்சை.

"எதுக்கும்மா?"

அவள் முடிச்சை இறுக்கினாள். பிறகு சொன்னாள். "கடை தொறந்த புதுசுல ஒரு வாத்தியாரம்மா டிஸ்க் கொண்டாந்தாங்க. அவங்க பையன் சின்ன வயசு வீடியோல்லாம் அதுல. பையன் இல்ல இப்ப. நான் பழசுலேர்ந்து புதுசுக்கு மாத்தறதுக்கு பதிலா, புதுசுலேர்ந்து பழசுக்கு மாத்திட்டேன். காலிய எடுத்து நெறஞ்சதுமேல கொட்டிட்டேன் ஆயா. ஒரு பட்டன்தான்."

ஏகாம்பரம் இரண்டு நூலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்தம்மா திட்டல. அதான்." என்றவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "இப்ப சொல்லுங்க. நான் இந்தக் கைய வச்சிருக்கறது எந்த நூலு?"

"சிவப்பு."

"இதுலேர்ந்து எங்க போவணும்?"

"பச்சைக்கு."

"மறுபடி சொல்லுங்க."

மூன்று தடவை கேட்டாள். ஏகாம்பரம், "நாங்கல்லாம் படிச்சவங்க இருக்கறோமே, எங்களக் கேளுங்களேன்" என்றான். "படிச்சவங்க பாக்காமலே ஆமான்னுடறாங்கண்ணா. ஆயா நூலப் பாக்கறாங்க" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, பேரன் பிறந்தபோதுகூட இல்லை.

இன்னும் ஒரு கேள்வி கேட்டாள். "இன்னிக்கு கரன்ட் போவுமா?"

"அதெல்லாம் போவாதும்மா" என்றேன் நான். ஏகாம்பரமும் போகாது என்றான். கனகாவும் சொன்னாள். அப்படியும் அவள் நம்பாமல், சுவரில் ஒன்று, தன் பையில் கொண்டுவந்தது ஒன்று, இரண்டு யூபிஎஸ் வைத்தாள்.

பட்டனைத் தட்டும்போது மதியம் ஒரு மணி. நல்ல இடங்களை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, டிக் டிக் என்று திணறுகிற இடங்களைக் கடைசிக்குத் தள்ளி வைத்தாள். மூன்று மணிக்குள் எல்லாம் வந்துவிட்டது, முந்தியைத் தவிர. அது போய் உட்கார்ந்திருந்த இடம்தான் தேய்ந்த இடம். ஒரு வாய் படிக்கும், நாலு தடவை திணறும். கனகா சுவரில் சாய்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் தறியைத் தொடவில்லை. தணிகாசலமும் தொடவில்லை. அவன் தொடாததால் அவனுக்கு அடுத்த வீடும் எதற்கென்றே தெரியாமல் நிறுத்திவிட்டது.

நாலு மணி ஆயிற்று, ஐந்தாயிற்று. நான் கொடுத்த டீயை அவள் தெரு வரை எடுத்துப்போய்க் குடித்துவிட்டு வந்தாள். உள்ளே குடித்தால் கொட்டிவிடுமாம்.

ஆறு மணிக்குத் தெருமுனையில் மேளம் கேட்டது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் தெருப் பிள்ளையாருக்கு அன்றைக்குப் பூப்பல்லக்கு. பல்லக்கு உயரம். எங்கள் தெருவில் ஒயர்கள் தாழ்வு. பல்லக்கு தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால் லைன்மேன் கரன்டை நிறுத்துவார், தாண்டின பிறகுதான் போடுவார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். ஆனால் அதைக் கரன்ட் போவது என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. அது சாமி வருவது. அவள் கேட்டபோது எங்கள் மூன்று பேருக்கும் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

விளக்கு அணைந்தது. யூபிஎஸ் கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

"யாரு நிறுத்தனது?" என்று அலறினாள்.

"சாமிம்மா" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"தெருவத் தாண்டணும். முக்கா மணி ஆவும்."

"என்கிட்ட இருபது நிமிஷம்தான் இருக்குது."

"நிறுத்திட்டு, கரன்ட் வந்தப்பறம் போட்டா?" என்றான் ஏகாம்பரம்.

"அது சுத்திக்கினு இருக்கறதாலதான் சுத்துதுண்ணா. நின்னா மறுபடி எழுந்திரிக்காது."

வாசலில் வெளிச்சம் தெரிந்தது. பல்லக்குக்கு முன்னாலும் பின்னாலும் டியூப் லைட்டுகள். அவற்றுக்குப் பின்னால் தடதடவென்று ஜெனரேட்டர் வண்டி. நான் அதையே பார்த்தேன். "அதோ கரன்ட் வருதே" என்றேன்.

அவள் பார்த்தாள். "வேணாம் ஆயா. அந்த கரன்ட் ஏறும், எறங்கும். பழசு, புதுசு ரெண்டுமே கருகிடும்."

"நடுவுல யூபிஎஸ் இருக்குதுல்லக்கா?" என்றாள் கனகா.

"அது தாங்கும்னு சொல்றாங்க. சொல்றாங்க. நான் பாத்ததில்ல." விரல்களைச் சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டு ஒளித்துக்கொண்டாள்.

கனகா எழுந்து அவள் முன்னால் நின்றாள். எட்டு மாசமாகக் குனிந்தே இருந்த பெண். "சும்மா இருந்தாலும் போவுது, போட்டாலும் போவுது. போட்டுட்டே போவட்டும்க்கா. நீங்கதான் போடணும்."

கம்ப்யூட்டர்க்காரம்மா ஒரு நொடி கண்ணை மூடினாள். திறந்து, "ஒயர் நீளமா வேணும்" என்றாள்.

ஜெனரேட்டர்காரன் ஒப்புக்கொள்ளவில்லை. "இது சாமிக்கு வுட்ட கரன்ட் ஆயா. உங்க வூட்டு மிக்ஸிக்கா?"

"டேய், என் மருமவ எட்டு மாசமா வரஞ்சது உள்ள சாவக் கெடக்குதுடா. பிள்ளையார் கேட்டார்னா என் பேரச் சொல்லு."

கொடுத்தான். ஒயர் வாசல் தாண்டி, கூடம் தாண்டிப் போனது. பல்லக்கு எங்கள் வாசலில் நின்றால்தான் வண்டியும் நிற்கும். ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு, ஒரு தீபாராதனை, இரண்டு நிமிஷம், அவ்வளவுதான் வழக்கம். நான் தட்டை நீட்டினேன். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடித்தார்கள். பல்லக்கைத் தூக்கப் போனார்கள். உடனே தணிகாசலம் பெண்டாட்டியைத் தட்டோடு இழுத்துவந்து எங்கள் வாசலிலேயே நிறுத்தினேன். அடுத்து எதிர்வீடு. அதற்கடுத்து முனைவீடு.

"என்னம்மா, தெரு மொத்தமும் ஒரே வாசல்லயா?" என்றார் குருக்கள்.

"வேண்டுதல் சாமி."

"யாருக்கு?"

நான் ஒயரைக் காட்டினேன். அவர் அது போகிற வழியே உள்ளே பார்த்தார். இருட்டுக் கூடத்தில், திரை வெளிச்சத்தில், ஒரு பெண் போர்வைமேல் குனிந்து காதை வைத்துக்கொண்டிருந்தாள். குருக்கள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தட்டுக்கு மந்திரத்தை நிதானமாக ஆரம்பித்தார், பாதியில் விட்ட இடத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"தோளு போவுது ஆயா" என்று முனகினான் பல்லக்குத் தூக்குகிறவன்.

"முட்டு குடுத்து நிறுத்துடா. பிள்ளையார் தொப்பைக்கு நானா பொறுப்பு?"

சிரித்தார்கள். மேளக்காரர்கள் இன்னொரு பாட்டை எடுத்தார்கள். பதினோராவது தட்டு என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து அவள் வாசலுக்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நின்னுடுச்சு" என்றாள்.

"எடுத்தாச்சா?"

"தெரியல. கனகா பாக்கணும்."

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய டிசைனையும் பார்க்க மாட்டாள். திரையில் படம் வருகிற சமயம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்படித்தான் திரும்பி நின்றாள். கனகா முந்தியைத் திறந்தாள்.

"முழுசா இருக்குதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

கனகா மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் விரல் நின்றது. "ஒரு பட்டை இல்லக்கா. குறுக்கால. வெள்ளையா இருக்குது."

"எவ்ளோ?"

"முப்பது, நாப்பது வரி. அவ்ளோதான்க்கா! அவ்ளோதான்!" கனகா அழுதுகொண்டே சிரித்தாள். ஏகாம்பரம் ஓடிப்போய்ப் பல்லக்குக்கு இன்னொரு தேங்காய் உடைத்தான். நான் தெருவில் நின்று கும்பிட்டேன். சாமி புறப்பட்டது.

அவள் மட்டும் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். "நாப்பது வரி" என்றாள். "நாப்பது வரி போச்சு."

மறுநாள் அந்தத் தகட்டைப் பெட்டிக்குள் பொருத்தி, பெட்டியைத் தறியை விட்டுத் தள்ளி வைத்துவிட்டுப் பட்டனைத் தட்டினாள். முன்பெல்லாம் கனகா பட்டனைத் தட்டிவிட்டு உலை வைப்பாள். அரிசி வெந்து வடிக்கிற நேரத்துக்குத்தான் படம் வரும். அன்றைக்கு நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுவதற்குள் வந்துவிட்டது. கனகா பூதாகாரமான டிசைனைத் திறந்தாள், உடனே திறந்தது. கலர் மாற்றினாள், கை எடுப்பதற்குள் மாறியது. "பெட்டி பழசுதானே? ஒரு தகடு மாத்தினதுக்கா இந்த ஓட்டம்!" என்று கைதட்டினேன்.

கம்ப்யூட்டர்க்காரம்மா காதை வைத்துக் கேட்டாள். முகம் வாடியது. "இதான் ஆயா எனக்குப் புடிக்கல. பழசு சாவறதுக்கு முன்னாடி மொனவும். இது மொனவாது. நல்லா இருக்கறப்பவே பொட்டுனு போயிடும். கனகா, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வேற எடத்துல ஒரு காப்பி. பூட்டு போட்டு வையி, சாவிய ஆயாகிட்ட குடு. அப்பறம் இத முழுசா ரொப்பாத. மூச்சு முட்டினா இதுவும் சோம்பேறி ஆயிடும்."

காணாமல்போன அந்த நாற்பது வரி, முந்தியில் வரிசையாக நின்ற அன்னங்களின் கழுத்துப் பக்கம். கனகாவுக்கு முன்பு எப்படி வரைந்தாள் என்று ஞாபகம் வரவில்லை. இரண்டு நாள் முயன்றாள். கடைசியில் பழசை மறந்துவிட்டுப் புதிதாக வரைந்தாள். முன்பு கழுத்து குச்சி மாதிரி விறைத்து நிற்கும். இப்போது வளைந்து, அலகு நெஞ்சில் தொட்டது. அட்டை குத்தினார்கள். புடவை முடிந்தது. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் தறியிலிருந்து அறுத்து இறக்கினோம்.

நான்தான் கம்ப்யூட்டர்க்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். பாயில் விரித்த புடவையை இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். நல்லா இருக்குது என்றுகூடச் சொல்லவில்லை. "அந்த நாப்பது வரி எங்க?" என்றாள்.

"அக்கா, அது…" என்று கனகா ஆரம்பித்தாள்.

"சொல்லாத. நானே பாக்கறேன். எனக்குத் தெரியணும்."

முதல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டாவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முந்தியின் ஓரத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஜரிகை ஜரிகையாக, பூப் பூவாக. வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து பாயை விட்டே போய்விட்டது. அன்னங்களுக்கு வந்தாள். விரல் கழுத்தின் வளைவோடு ஏறி, இறங்கி, அலகில் நின்றது.

"இது எவ்ளோ அழகா வந்திருக்குது பாருங்க ஆயா" என்றாள். "இத மாதிரி ஒண்ணு போயிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்!"

கனகா என்னைப் பார்த்தாள். நான் கனகாவைப் பார்த்தேன். எனக்கு வாய் பரபரத்தது. என் வாய் எப்படிப்பட்டது என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் திறக்கவில்லை. அவள் அந்த அன்னத்தை விட்டு, குனிந்தபடியே, அடுத்த பூவில் குறை தேடிக்கொண்டு போனாள்.